அந்த சூப்பர்ஹீரோ உண்மையில் நல்லவனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் கேம் விளையாடுகிற பிள்ளைகளோடு கதைக்கும்போதும், அவர்களின் அம்மா அப்பாமார் கவலையோடு விசாரிக்கும்போதும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. பதில்களில் சில கேம்களின் முடிவு வெளியே வந்துவிடும், அதைச் சொல்லாமல் இந்த விஷயத்தைக் கதைக்க வழியில்லை. இன்னும் முடிக்காத கேமின் பெயரைக் கண்டால் அந்தப் பதிலைத் தாண்டிப் போங்கள்.

கேமில் வருகிற ஹீரோ வெறும் பொம்மைதானே? அவனுக்கு நல்லவன் கெட்டவன் என்று தீர்ப்புச் சொல்லி என்ன வரப்போகிறது?

வாலியையும் எங்களில் யாரும் நேரில் கண்டதில்லை. ஆனாலும் இராமன் மறைந்து நின்று அம்பு விட்டது முறையா என்று கம்பன் விழா மேடையில் கட்சி பிரிந்து வாதாடுகிறார்கள், அதைக் கேட்பதற்கு வெள்ளவத்தை இராமகிருஷ்ண மண்டபத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். கடவுளாகக் கும்பிடுகிறவரையே கூண்டில் ஏற்றி விசாரிக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கும்போது பேட்மேனை விசாரிக்க ஏன் தயங்கவேண்டும்? ஒரு நாயகனை எடைபோடும்போது எனக்கு எது முறையாகப் படுகிறது, எதைக் கண்டு மனம் கூசுகிறது என்பது எனக்கே தெளிவாகிறது. அந்தப் பயன் கம்பனிலும் உண்டு, கேமிலும் உண்டு.

கேமில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. இராமன் அம்பு விட்டபோது நாணில் என் விரல் இருக்கவில்லை. கேமில் இருக்கிறது. அதனால் விசாரணையில் மூன்று பேர் நிற்கிறார்கள்: கதையில் வருகிற ஆள், அவனை ஆட்டுவிக்கிற நீங்கள், அவன் எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்று விதி எழுதிய நிறுவனத்து ஆட்கள். பெடியன்கள் இரவிரவாகப் போடுகிற சண்டையில் பாதி, இந்த மூன்று பேரையும் ஒரே ஆளாக எடுத்துக் கதைப்பதால் வருகிறது.

சரி, எதை வைத்து எடைபோடுவது?

அவனால் முடிந்தும் எதைச் செய்யாமல் விட்டான் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எத்தனை பேரைக் காப்பாற்றினான் என்ற கணக்கு எனக்கு அதற்குப் பிறகுதான், ஏனென்றால் காப்பாற்றுவதற்குத்தான் கேமில் புள்ளியும் புதுச் சக்தியும் கைதட்டலும் கிடைக்கின்றன, கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலையை வைத்து ஆளின் குணத்தை முழுதாகச் சொல்ல முடியாது. யாரும் பார்க்காத சந்தில், செய்தால் இலாபம் என்று தெரிந்தும் கையை மடக்கிக்கொண்டானா என்பதில் குணம் தெரியும்.

அப்புறம், அந்த நல்ல காரியத்துக்காக அவன் எதை இழந்தான் என்று பார்ப்பேன். அதோடு, அவனிடம் "வேண்டாம்" என்று சொல்கிற தன் பக்கத்து ஆளை எப்படி நடத்துகிறான் என்பதும் முக்கியம். எதிரியிடம் கருணை காட்டுவதுபோல ஒரு காட்சி வைப்பது கதை எழுதுகிறவருக்குச் சுலபம். தோழன் குறுக்கே நிற்கும்போது ஹீரோ என்ன செய்கிறான் என்பதில் பல ஹீரோக்கள் விழுந்துபோகிறார்கள்.

திரையிலேயே, செய்த நன்மை தீமையைக் கணக்கிட்டுக் காட்டுகிற கர்மா மீட்டர் இருக்கிறதே, அது சொல்கிற தீர்ப்புப் போதாதா?

போதாது. 2009இல் பிளேஸ்டேஷன் 3க்கு வந்த இன்ஃபேமஸை எடுத்துக்கொள்ளுங்கள், இந்தக் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான கேம் இல்லை. கோல் மெக்கிராத் சைக்கிளில் பொதி கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள். அவன் கொண்டுபோன பொதி வெடிக்கிறது, எம்பயர் சிட்டியின் ஒரு பகுதி அழிகிறது, அவனுக்கு மின்சார சக்தி வருகிறது. நகரத்தைப் பூட்டிவிடுகிறார்கள், சாப்பாடு இல்லை. வானத்திலிருந்து உணவுப் பொதி விழுந்ததும் முதல் பெரிய தெரிவு வருகிறது: சனங்களோடு பகிர்வதா, அவர்களை மின்சாரத்தால் அடித்து விரட்டிவிட்டு உனக்கும் உன் ஆட்களுக்கும் மட்டும் எடுப்பதா. நல்ல பக்கம் போனால் மின்னல் நீலம், கெட்ட பக்கம் போனால் சிவப்பு.

மீட்டரில் எனக்குள்ள குறை இதுதான். அது நன்மையையும் தீமையையும் ஒரே கணக்கில் கூட்டிக் கழிக்கிறது. தெருவில் அடிபட்டுக் கிடக்கிற ஒருவரை மின்சாரம் கொடுத்து எழுப்பினால் நீலம் ஏறும், அதே ஆளின் உயிர்ச் சக்தியை உறிஞ்சிக் குடித்தால் சிவப்பு ஏறும். ஆகவே ஒருவரைக் கொன்ற கணக்கை வேறு சிலரை எழுப்பிச் சரிக்கட்டிவிடலாம். செத்தவரின் வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கை யார் சொல்வது?

"குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்" என்று வள்ளுவர் சொன்னதும் இந்த மீட்டரைத்தானே என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அந்தக் குறள் ஒருவரை நம்பி வேலை கொடுக்கலாமா என்று ஆராய்கிற அதிகாரத்தில் வருகிறது. குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே தேடிப் பார்த்தபிறகு எது மிகுதி என்று ஒரு மனிதர் தீர்மானிக்கிறார், அங்கே குற்றம் அழிந்துபோவதில்லை. மீட்டரில் அழிந்துபோகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. இன்ஃபேமஸில் பலமான சக்திகள் மீட்டரின் இரண்டு நுனிகளிலும்தான் கிடைக்கும், நடுவில் நிற்கிறவருக்கு நட்டம். அதனால் ஆட்கள் முதல் மணித்தியாலத்திலேயே ஒரு நிறத்தைத் தீர்மானித்துவிட்டு, அதற்குப் பிறகு வருகிற எந்தத் தெரிவையும் யோசிக்காமல் அந்த நிறத்துக்கே அழுத்திக்கொண்டு போகிறார்கள். முடிவெடுப்பது அங்கேயே நின்றுவிடுகிறது. இந்த விஷயத்தில் 1985இல் வந்த அல்டிமா 4 எத்தனையோ படி மேல். அதில் சூப்பர்ஹீரோ இல்லை, கருணை, நேர்மை, பணிவு என்று எட்டு நற்குணங்களில் தேறவேண்டிய ஒரு சாதாரண மனிதர்தான். கண் தெரியாத மூலிகை வியாபாரிக்குக் குறைந்த காசைக் கொடுத்துவிட்டு நழுவலாம். அந்த நேரம் கேம் ஒரு வார்த்தை சொல்லாது, கணக்கை மட்டும் உள்ளே எழுதிவைத்துக்கொள்ளும். நீங்களாகவே அரண்மனைக்குப் போய் ஒரு ஞானியிடம் கேட்டால்தான் எங்கே நிற்கிறீர்கள் என்பது தெரியும். நாற்பது வருடத்துக்கு முன்பே இதை ஒருவர் யோசித்திருக்கிறார் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு.

கோல் நல்லவன் என்று நீங்கள் ஒத்துக்கொள்கிற ஒரு இடமாவது இருக்கிறதா?

இருக்கிறது, ஆட்கள் அதிகம் கதைக்காத சின்ன இடம். கறுப்புத் தார் நிறைந்த குழாய் ஒன்றின் வால்வை மூடவேண்டும். மூடுகிறவரின் முகத்தில் அந்த நஞ்சுத் தார் பீறி அடிக்கும். கோல் தானே திருப்பலாம், அல்லது பக்கத்தில் நிற்கிற அப்பாவி ஒருவரைக் கட்டாயப்படுத்தித் திருப்பவைக்கலாம். தானே திருப்பினால் அந்த அவதியை அவன்தான் படவேண்டும். உணவுப் பொதிக் காட்சியைவிட இது பெரிது என்பேன், ஏனென்றால் இங்கே நல்லவனாக இருப்பது அவன் உடம்பை வருத்துகிறது.

மின்சாரம் போன பகுதிகளுக்கு நிலத்தடியில் இறங்கித் திரும்பக் கரண்ட் கொடுப்பதும் கதையில் அவனுடைய வேலை. 2022இல் கொழும்பில் இருந்தவர்களுக்கு அதன் பெறுமதியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. இருட்டுக் கிடந்த தெருவில் திடீரென்று விளக்கு எரிகிற அந்தக் காட்சியை நாங்கள் பார்க்கிற பார்வை வேறு.

இன்ஃபேமஸில் டிரிஷைக் காப்பாற்றுவதா, ஆறு வைத்தியர்களைக் காப்பாற்றுவதா? எதைத் தெரிவு செய்தால் சரி?

கேட்காதவரே இல்லை. விஷயம் இது: கெஸ்லர் என்ற வில்லன் கோலின் காதலி டிரிஷை ஒரு கட்டடத்தின் உச்சியிலும் ஆறு வைத்தியர்களை இன்னொரு கட்டடத்திலும் தொங்கவிடுகிறான். ஒரு பக்கத்துக்குத்தான் போய்ச்சேர நேரம் இருக்கும். வைத்தியர்களைக் காப்பாற்றினால் டிரிஷ் விழுந்து சாகிறாள். டிரிஷிடம் ஓடினால் அங்கே தொங்குவது வேறு ஆள், உண்மையான டிரிஷ் வைத்தியர்களோடு செத்துப்போகிறாள்.

வைத்தியர்களிடம் போவதுதான் சரி என்பது என் எண்ணம், கொள்ளைநோய் பரவுகிற நகரத்தில் ஆறு வைத்தியர்கள் என்றால் அவர்களுக்குப் பின்னால் எத்தனை நோயாளிகள். ஆனால் டிரிஷிடம் ஓடுகிறவனை நான் கெட்டவன் என்று சொல்லமாட்டேன், கேம் சொல்கிறது. அதோடு நிற்காமல் ஆளை மாற்றிவைத்துத் தண்டனையும் கொடுக்கிறது. இதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தெரிவு செய்கிற நொடியில் கோலுக்குத் தெரியாத ஒன்றை வைத்து அவனுடைய தெரிவைத் தப்பாக்குவது நியாயமான விசாரணை இல்லை. ஒருவர் முடிவெடுத்த நேரத்தில் அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு நேரம் இருந்தது என்பதை வைத்துத்தான் பார்க்கவேண்டும், பிறகு வெளிவந்த விளைவைத் திரும்பக் கொண்டுவந்து அவர் தலையில் கட்டக்கூடாது.

இதோடு 2018இல் வந்த ஸ்பைடர்மேன் கேமின் முடிவைச் சேர்த்துப் பாருங்கள். நகரம் முழுக்கக் கிருமி. முறிமருந்து ஒரே அளவு, அதை வைத்துத்தான் எல்லோருக்கும் மருந்து தயாரிக்கமுடியும். ஸ்பைடர்மேனாக வருகிற பீட்டரை வளர்த்த மே மாமி சாகக்கிடக்கிறார், வீடில்லாதவர்களுக்கான இல்லத்தில் தொண்டு செய்யப்போய்த்தான் அவருக்கும் தொற்றியது. பீட்டர் மருந்தை அவருக்குக் கொடுக்காமல் விடுகிறான். அழுதுகொண்டு விடுகிறான். எங்களுக்கு அழுத்துவதற்குப் பட்டன் எதுவும் கிடையாது, கதை தானாக நடக்கிறது, அதனால் அந்த முடிவில் எங்களுக்கு ஒரு பங்கும் இல்லை என்று சிலர் குறைப்படுவார்கள். நான் அதைக் குறையாக நினைக்கவில்லை. அது பீட்டரின் முடிவு, அவனுடைய இழப்பு, நாங்கள் பக்கத்தில் நிற்கவேண்டியவர்கள்.

பேட்மேன் கொல்வதில்லை என்கிறார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து தள்ளினால் ஆள் எப்படிப் பிழைக்கும்?

பிழைப்பதற்கு விதி எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 2009இல் தொடங்கிய ஆர்க்கம் என்ற பேட்மேன் கேம் வரிசையில் நீங்கள் எப்படி அடித்தாலும், டிடெக்டிவ் பார்வையைப் போட்டுப் பார்த்தால் விழுந்து கிடக்கிறவன் "மயக்கம்" என்றுதான் காட்டும். 2015இல் வந்த ஆர்க்கம் நைட்டில் பேட்மேனின் காரான பேட்மொபைல் குறுக்கே வருகிற அடியாட்களை மின்சாரம் பாய்ச்சித் தூக்கி எறியும், அவர்களும் சாவதில்லை. அந்தக் கேமில் பீரங்கியால் சுட்டுத் தகர்க்கிற தாங்கிகள் அநேகமாக எல்லாமே ஆளில்லாதவை. ஸ்பைடர்மேனிலும் இதேதான், மொட்டைமாடியிலிருந்து எவனையாவது உதைத்துவிட்டால் அவன் சுவரில் வலையோடு ஒட்டிக்கொள்வான்.

இங்கேதான் அந்த மூன்று பேரையும் பிரித்துப் பார்க்கவேண்டும். கதையில் வருகிற பேட்மேன் கொல்லக்கூடாது என்று தீர்மானித்தவன், அந்தத் தீர்மானத்துக்காகத் திரும்பத் திரும்ப விலை கொடுப்பவன், அவனுக்கு என் மதிப்பெண் உண்டு. விளையாடுகிற எனக்கு மதிப்பெண் எதுவும் இல்லை, ஏனென்றால் கொல்ல நினைத்தாலும் என்னால் முடியாது. கதவைப் பூட்டிச் சாவியை வேறொருவர் வைத்திருக்கும்போது நான் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை என்று பெருமைப்பட முடியுமா? விதி எழுதியவர்களைப் பற்றி எனக்கு இரண்டு மனம். கொலையை வெளியே வைத்தது நல்லது. ஆனால் "சாகவில்லை" என்ற ஒரே காரணத்தால் மற்றதெல்லாம் தாராளமாகிவிட்டது. எலும்பு முறிகிற சத்தத்தோடு காட்சியை மெதுவாக்கிக் காட்டுகிறார்கள். ஆர்க்கம் நைட்டில் தகவல் எடுப்பதற்காக ஒருவனின் தலைக்கு மேல் பேட்மொபைலின் சில்லைக் கொண்டுபோய் நிறுத்துகிற காட்சி இருக்கிறது. அது சித்திரவதை. ஆள் உயிரோடு இருக்கிறான் என்பதால் அது வேறொன்றாகிவிடாது, விசாரணை என்ற பெயரில் என்னென்ன நடக்கும் என்று தெரிந்த ஒரு நாட்டில் இருந்துகொண்டு அந்தக் காட்சியை வீரமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஸ்பைடர்மேனில் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவனைவிட நல்ல பெடியன் யார்?

பெடியன் தங்கம். தெருவில் சனங்களுக்குக் கையசைத்து, அவர்களோடு நின்று படம் எடுத்து, ஒரு புள்ளியும் கிடைக்காத எத்தனையோ சின்ன அன்புகளை 2018 கேமில் காட்டலாம், அவையெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

ஆனால் நகரம் முழுக்க இருக்கிற பொலிஸ் கண்காணிப்புக் கோபுரங்களை அவன்தான் ஒவ்வொன்றாகச் சரிசெய்து கொடுக்கிறான். கேமுக்கு அது வரைபடத்தைத் திறக்கிற வேலை மட்டும். கொழும்பில் தமிழர் பொலிஸில் பதிந்த துண்டையும் அடையாள அட்டையையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடி தாண்டிப் போன காலம் ஒன்று இருந்தது. அதைக் கண்டவர்களுக்கு, ஒரு முகமூடிக்காரன் யாரையும் கேட்காமல் ஊர் முழுவதையும் பொலிஸின் கண்ணுக்குக் கீழே கொண்டுவருவது உறுத்தும். பீட்டர் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறான். அந்தக் கண் பிறகு யார் கையில் போய்ச்சேரும் என்ற கேள்வியைக் கதை அவனிடம் கேட்கவேயில்லை, அதை நாங்களாவது கேட்கவேண்டும்.

இன்ஜஸ்டிஸில் சூப்பர்மேன் எந்த இடத்தில் கெட்டவனானான்?

2013இல் வந்த இன்ஜஸ்டிஸ் என்ற கேமின் கதை இப்படித் தொடங்குகிறது: பேட்மேனின் எதிரியான ஜோக்கர் சூப்பர்மேனை ஏமாற்றி, கர்ப்பிணியான மனைவி லோயிஸை அவன் கையாலேயே கொல்லவைக்கிறான், அவளின் இதயம் நின்றதும் அணுகுண்டு வெடித்து அவனுடைய நகரமான மெட்ரோபொலிஸ் அழிகிறது. பேட்மேன் ஜோக்கரை விசாரித்துக்கொண்டிருக்கும்போது சூப்பர்மேன் சுவரை உடைத்து வந்து ஜோக்கரைக் கொன்றுவிடுகிறான். பெரும்பாலானவர்கள் இந்தக் கொலையைத்தான் காட்டுவார்கள்.

நான் அதைக் காட்டமாட்டேன். அது பெருந்துயரத்தில் ஒரு மனிதன் செய்தது. பிழைதான், ஆனால் அந்த ஒரு நொடியோடு நின்றிருந்தால் அவனுக்காக அழுதிருப்போம். அதற்குப் பிறகு, அமைதியாக யோசித்து, இனி உலகத்தில் யாரும் தவறு செய்யமுடியாதபடி நானே ஆள்கிறேன் என்று தீர்மானிக்கிறானே, அங்கே தொடங்குகிறது. அது முற்றுகிற இடம் ஷசாமின் சாவு. ஷசாம் அவனுடைய பக்கத்து ஹீரோ, அந்த உருவத்துக்கு உள்ளே இருப்பது ஒரு சின்னப் பெடியன். நகரங்களை அழிக்கப்போகிறேன் என்று சூப்பர்மேன் சொல்லும்போது அவன் எதிர்த்துப் பேசுகிறான். சூப்பர்மேன் கண்ணிலிருந்து வரும் கதிரால் அந்தப் பிள்ளையை அங்கேயே கொன்றுவிடுகிறான். "வேண்டாம்" என்று சொல்கிற தோழனை எப்படி நடத்துகிறான் என்று மேலே கேட்டது இதற்காகத்தான்.

சூப்பர் சக்தி இருக்கிறவனுக்கு நல்லவனாக இருப்பது சுலபம்தானே?

பல நேரம் ஆம். துப்பாக்கிக் குண்டு படாத உடம்போடு துப்பாக்கிக்கு முன்னால் நிற்பதில் தைரியம் எதுவும் இல்லை, நிற்பது நல்ல காரியம் மட்டும்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு 1983 ஜூலைதான் நினைவுக்கு வரும். இதே கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்த நாட்களில், எத்தனையோ சிங்கள, முஸ்லிம் அயலவர்கள் தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீட்டு அறையில் ஒளித்துவைத்துக்கொண்டு, வாசலில் வந்து நின்ற கும்பலிடம் இங்கே யாரும் இல்லை என்று சொன்னார்கள். பொய்யென்று தெரிந்தால் அவர்களின் வீடும் எரிந்திருக்கும், பிள்ளைகளும் உள்ளே. அவர்களிடம் எந்தச் சக்தியும் இல்லை, இழப்பதற்கு எல்லாமே இருந்தது. எங்கள் வீடுகளில் பெரியவர்கள் அந்த அயலவர்களின் பெயரை இன்றைக்கும் மரியாதையோடு சொல்வார்கள்.

ஆகவே எந்த ஹீரோவைப் பார்த்தாலும் நான் கேட்பது, இவனுக்கு எது வலிக்கும், வலிக்கும் என்று தெரிந்தும் செய்தானா என்பதைத்தான். அதே ஆர்க்கம் வரிசையில் வந்த ஆர்க்கம் சிட்டியில் இதற்கு நல்ல உதாரணம் கட்வுமன். அவள் ஹீரோவே இல்லை, திருடி. கொள்ளையடித்த பெட்டிகளோடு நகரைவிட்டுத் தப்பிப்போக ஒரு கதவு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆபத்தில் கிடக்கிற பேட்மேனைக் காப்பாற்ற இன்னொரு கதவு. மீட்டர் இல்லை, நிறம் மாறுவதில்லை, எந்தப் பக்கம் நடக்கிறீர்களோ அதுதான் தெரிவு. பொருளோடு வெளியே போனால் கதை முடிந்து பெயர்ப் பட்டியலே ஓடத் தொடங்கிவிடும், பிறகு கேம் தானே பின்னால் ஓடி உங்களைத் திரும்பிப்போக வைக்கும். அந்தத் திரும்பல் இல்லாமல் விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். என்றாலும் பெட்டிகளை விட்டுவிட்டு வருகிற அந்தத் திருடி எனக்குப் பல ஹீரோக்களைவிட மேல்.

சண்டையில் கட்டடங்களை உடைத்துத் தள்ளுகிறார்களே, அதுவும் கணக்கில் சேருமா?

கட்டாயம் சேரும். 44 வருடம் அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளனைப் பற்றி மகாவம்சம் சொல்கிற ஒரு சம்பவம் இருக்கிறது. கன்றின் மேல் தேர் ஏற்றிய மகனின் கதை எல்லோருக்கும் தெரியும், இது மற்றது. அரசரின் தேர் ஒரு தூபியில் முட்டி 15 கற்கள் இடம்பெயர்ந்தன. தெரியாமல் நடந்த விபத்து. அவர் உடனே தேரைவிட்டு இறங்கி, இதே சில்லால் என் தலையையும் எடுங்கள் என்கிறார். மந்திரிகள் சமாதானம் சொல்லித் தூபியைத் திருத்தச் சொல்கிறார்கள், அந்த 15 கற்களுக்காக 15,000 கஹாபணம் என்ற அந்தக் காலத்து நாணயம் செலவழிக்கிறார். எதிர்ப்பக்கத்து மன்னரைப் பாடவந்த நூல் இவரைப் பற்றி இதை எழுதிவைத்திருக்கிறது. எதிரியின் புத்தகத்திலேயே நல்லவர் என்று பெயர் எடுப்பதைவிட உறுதியான சாட்சி உண்டா?

சூப்பர்ஹீரோக்கள் தேரைவிட்டு இறங்குவதில்லை. பாலத்தை உடைத்துவிட்டு அடுத்த பணிக்குப் பறந்துவிடுகிறார்கள். இதை ஒழுங்காக யோசித்த கேம் 2006இல் வந்த சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ். மற்ற விஷயங்களில் அது சுமாரான கேம்தான். ஆனால் சூப்பர்மேனுக்கு ஒன்றும் ஆகாது என்பதால் அதில் உயிர்க்கோடு அவனுக்கு இல்லை, நகரத்துக்கு. மெட்ரோபொலிஸ் சேதமாகச் சேதமாக அந்தக் கோடு குறையும், முழுதாகக் குறைந்தால் தோல்வி. அவனுடைய சொந்த அடி தவறி விழுந்தாலும் ஊருக்குத்தான் நட்டம். இந்த யோசனையை யாராவது திரும்பக் கையில் எடுக்கவேண்டும்.

போகாமல் விட்ட குற்றச்சம்பவங்களுக்காக ஹீரோவைக் குறை சொல்லலாமா?

முடியாது. 2014இல் வந்த அமேசிங் ஸ்பைடர்மேன் 2 கேம் அப்படித்தான் செய்தது: நகரத்தில் ஏதாவது நடக்கும்போது நேரத்துக்குப் போகாவிட்டால் "ஹீரோ" நிலை இறங்கி "தொல்லை" ஆகிவிடுவீர்கள், உங்களைப் பிடிக்க ஆயுதக் குழுவும் வரும். ஒரே ஆள் எல்லா இடத்திலும் இருக்கமுடியாது. முடியாததைச் செய்யவில்லை என்று குற்றம் சாட்டுவது அநியாயம்.

என் மகன் எப்போதும் கெட்ட வழியைத்தான் தெரிவு செய்கிறான். பயப்படவேண்டுமா?

அம்மாமார் கேட்கிற கேள்வி. பயப்படவேண்டாம், ஆனால் பக்கத்தில் போய் இருங்கள்.

பெரும்பாலான ஆட்கள் கேமில்கூட நல்லவர்களாகவே இருக்க விரும்புகிறார்கள். மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளிக் கேமில் 92 வீதமானவர்கள் நல்ல வழியில் போனார்கள் என்று அதில் வேலை செய்த ஒருவர் 2020இல் சொன்னார். இன்ஃபேமஸ் 2க்கு இரண்டு முடிவுகள் உண்டு, கூடுதலானவர்கள் நல்ல முடிவையே எடுத்ததால் 2014இல் வந்த அடுத்த இன்ஃபேமஸ் கேமான செகண்ட் சன் அந்த முடிவைத் தொடர்ந்துதான் எழுதப்பட்டது. மகன் சிவப்பு மின்னலை எடுக்கிறான் என்றால் முதல் தடவை நீலத்தில் முடித்துவிட்டு மற்றப் பக்கக் கதையைப் பார்க்கிறானாகவும் இருக்கலாம், வில்லன் வேடம் கட்டுகிற நடிகரைப் போல. "ஏன் இதைத் தெரிவு செய்தாய், அந்த ஆள் உனக்கு என்ன செய்தவர்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். பதில் சொல்லும்போது அவன் கதையைப் பற்றிக் கதைத்தால் விஷயம் சரி. தெருவில் போகிற அப்பாவியை உறிஞ்சிவிட்டு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான், தங்கச்சியிடமும் பூனையிடமும் அதே மாதிரி நடக்கிறான் என்றால் அப்போது கவலைப்படலாம், அதுவும் கேமைப் பற்றி இல்லை, பிள்ளையின் மனதில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி.

ஹீரோவின் நல்ல குணம் மற்றவனை மாற்றும் என்று காட்டுகிற கேம் இருக்கிறதா?

2017இல் டெல்டேல் வெளியிட்ட பேட்மேன்: தி எனிமி விதின். அதில் ஜோக்கர் இன்னும் ஜோக்கர் ஆகவில்லை, ஜோன் டோ என்ற பெயரில், முகமூடி இல்லாத பேட்மேனான ப்ரூஸ் வேயினை நண்பராக நினைத்து ஒட்டிக்கொள்கிற, மனம் குழம்பிய ஒருவன். நீங்கள் அவனை நம்புகிறீர்களா, வாக்குக் கொடுத்துவிட்டு மீறுகிறீர்களா, தேவைக்குப் பாவித்துவிட்டுத் தள்ளிவிடுகிறீர்களா என்பதைப் பொறுத்து, கடைசியில் அவன் பேட்மேனைப் பார்த்துத் தானும் நியாயம் காக்கப் புறப்படுகிறவனாகவோ, பழைய வில்லனாகவோ வருகிறான். நம்பினாலும் எல்லாம் சுகமாக முடிவதில்லை, அவனுடைய நியாயம் எல்லை தாண்டிப்போகிறது. அதனாலேயே எனக்கு அது உண்மையாகப் படுகிறது. எத்தனை பேரை அடித்து விழுத்தினான் என்பது அங்கே கதையில்லை, பலவீனமான ஒருவன் உன்னை நம்பி வந்தபோது அவனுக்கு நீ என்ன செய்தாய் என்பதுதான் கதை.

பிள்ளைகளோடு சேர்ந்து யோசித்து விளையாட எதில் தொடங்கலாம்?

2018 ஸ்பைடர்மேனில் தொடங்குங்கள். அமெரிக்கத் தரப்படுத்தலில் அது 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, மே மாமியின் முடிவைப் பற்றி மட்டுமே ஒரு பின்னேரம் முழுக்கக் கதைக்கலாம். ஆர்க்கம் சிட்டியும் இன்ஜஸ்டிஸும் அதே வயதுதான், இன்ஜஸ்டிஸில் அடிதடி கடுமை. ஆர்க்கம் நைட்டும் டெல்டேலின் பேட்மேனும் 17க்கு மேல், அவற்றை பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள், கடைக்காரர் என்ன சொன்னாலும் பெட்டியில் இருக்கிற எழுத்தைப் பாருங்கள். முதல் இன்ஃபேமஸுக்குப் பழைய பிளேஸ்டேஷன் 3 வேண்டும், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் விசாரித்துப் பாருங்கள், கிடைத்தால் முதல் தடவையே நிறத்தைத் தீர்மானிக்காமல் ஒவ்வொரு தெரிவிலும் கேமை நிறுத்திவிட்டு, நீ என்ன செய்வாய் என்று பிள்ளையைக் கேட்டு, நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையும் சொல்லி, அதற்குப் பிறகு பட்டனை அழுத்துங்கள்.